கோலெட் வாங்கும் முன் டயலை எடுங்கள்: வீட்டுப் பட்டறைக்கு ஒரு முழு வழிகாட்டி

என் கார் ஷெட்டில் ஒரு சின்ன லேத்தும் அதைவிடச் சின்னதாக ஒரு மில்லிங் மெஷினும் இருக்கின்றன. கார் தெருவில் நிற்கிறது. லேத் வாங்கி மூன்று மாதம் ஆனபோது, 3 முதல் 20 மிமீ வரை 18 உருப்படி உள்ள ஈஆர் 32 கோலெட் செட் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தேன். கோலெட் என்பது கம்பியையோ கட்டரையோ சுற்றிலும் கவ்விப் பிடிக்கும், பிளவுகள் போட்ட எஃகுக் குழல். பெட்டி மேல் 0.005 என்று பெரிதாக அச்சிட்டிருந்தது, அதாவது 0.005 மிமீக்கு மேல் ஆடாதாம். 10 மிமீ கோலெட்டில் ஒரு பின்னைப் பிடித்து, நுண்ணிய அசைவைக் காட்டும் டயல் கேஜை வைத்துச் சுற்றினால் ஊசி எட்டுக் கோடு ஓடுகிறது. ஒரு கோடு 0.01 மிமீ. ஓரளவு தேய்ந்த, மூன்று தாடையால் பிடிக்கும் த்ரீ ஜா சக்கே அந்த அளவுக்குத்தான் ஆடும். அதற்குப் பணம் கொடுத்துக் கோலெட் எதற்கு?

விற்றவரைத் திட்டி ஒரு கடிதம் எழுதி வைத்தேன். அனுப்பும் முன், எங்கள் தெருமுனைப் பட்டறையில் பல வருஷமாக டர்னராக இருக்கும் பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். கோலெட்டை அவர் தொடவே இல்லை. கோலெட்டைத் தாங்கும் சக்கைக் கழற்றி, லேத்தின் சுழலும் தண்டான ஸ்பிண்டிலின் முகத்தில் நகத்தை ஓட்டினார். போல்ட் துளை ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு. ஆயில் ஸ்டோனால் நாலு தேய்ப்பு, மண்ணெண்ணெய் துணியால் ஒரு துடைப்பு, மறுபடி மாட்டினோம். மூன்று கோடு. கோலெட் அதேதான், பின்னும் அதேதான். கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

ஸ்பிண்டில், சக், கோலெட், நட், கடைசியாக மாட்டும் கை. இந்த ஐந்தில் எது ஆடினாலும் டயலில் ஒரே மாதிரிதான் தெரியும். அதில் நம் பணத்தால் சரியாவது எது, ஆயில் ஸ்டோனால் சரியாவது எது என்று பிரித்துப் பார்ப்பதில்தான் கோலெட் தேர்வின் பெரும்பகுதி இருக்கிறது.

எதற்குத் துல்லியம் என்று முதலில் தீர்மானியுங்கள்

ஆட்டம் என்று நான் சொல்வது ஸ்பிண்டிலைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினால் டயல் காட்டும் மொத்த வித்தியாசத்தை. மையம் விலகியிருக்கும் தூரம் இதில் பாதி. ஊசி 0.04 ஓடினால் மையம் 0.02 தள்ளி இருக்கிறது. பேச்சில் இரண்டும் குழம்பும். விற்பவர்கள் சில சமயம் வசதிக்கேற்பக் குழப்பியும் விடுவார்கள்.

லேத்தில் ஒரே பிடிப்பில் கடைந்து பார்ட்டிங் போட்டு (துண்டாக வெட்டி) எடுக்கும் வேலைக்குக் கோலெட் ஆட்டம் ஒரு பொருட்டே இல்லை. கம்பி கொஞ்சம் விலகிப் பிடித்திருந்தாலும், டூல் வெட்டிய பரப்பு எல்லாம் ஸ்பிண்டிலின் அச்சில்தான் அமையும். புஷ், ஸ்பேசர், சின்ன ஸ்க்ரூ எல்லாம் இந்த வகை. திருப்பிப் பிடிக்கும்போதுதான் கதை மாறுகிறது. 12 மிமீ கிரவுண்டு ராடின் இரண்டு முனையையும் 10 மிமீக்குக் கடைந்து 6000 பேரிங் ஏற்ற வேண்டும் என்று வையுங்கள். கோலெட் 0.03 ஆடினால் ஒவ்வொரு முனையும் ராடின் மையத்திலிருந்து 0.015 விலகும். மெதுவாகச் சுற்றும் உருளைக்கு அது போதும். வேகமாக ஓடும் ஸ்பிண்டிலுக்குப் போதாது.

அப்படிப்பட்ட வேலை வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோதான் வரும் என்றால் கோலெட்டே வேண்டாம். நாலு தாடையையும் தனித்தனியே நகர்த்தும் ஃபோர் ஜா சக்கில் டயல் வைத்து மையத்துக்குக் கொண்டுவந்தால் எந்த விலையுயர்ந்த கோலெட்டையும் தோற்கடிக்கலாம். பத்து நிமிஷம் ஆகும், அவ்வளவுதான். ஒரே அளவுக் கம்பியை இருபது தடவை பிடித்து எடுக்க வேண்டுமென்றாலோ, பளபளப்பான பரப்பில் தாடைத் தடம் விழக்கூடாது என்றாலோ கோலெட்டுக்கு ஈடில்லை.

மில்லிங்கில் கணக்கு வேறு. இரண்டு பல் உள்ள 3 மிமீ எண்ட்மில் கட்டரில் ஒரு பல்லுக்கு 0.015 மிமீ ஃபீட் (நகர்வு) கொடுக்கிறீர்கள். கட்டர் 0.02 ஆடுகிறது. ஆட்டம் பற்களின் நேராக அமைந்துவிட்டால், ஒரு பல் மற்றதைவிட 0.02 வெளியே நிற்கும். உள்ளே நிற்கும் பல்லுக்கு வெட்ட எதுவுமே மிச்சமிருக்காது. ஒரே பல் இரண்டு பங்கையும், அதாவது 0.03-ஐ வெட்டும். கட்டர் உடைந்தால் ஃபீடைக் குறை சொல்வோம். 12 மிமீ கட்டரில் பல்லுக்கு 0.06 போகும்போது அதே 0.02 ஆட்டம் பெரிதாகத் தெரியாது. ஆகவே கட்டர் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்ல கோலெட் வேண்டும். என் பழக்கம்: 6 மிமீக்கு மேல் 0.02 வரை பொறுத்துக்கொள்வேன். 3 மிமீயும் அதற்குக் கீழும் 0.01-ஐத் தாண்டினால் கழற்றி மறுபடி மாட்டுவேன்.

ஸ்பிண்டிலை அளந்து பாருங்கள்

இதற்கு ஒரு லீவர் டயலும் மேக்னட் ஸ்டாண்டும் போதும். 0.01 கோடு உள்ள டயல் வீட்டுக்கு ஒப்பேறும், 0.002 கோடு உள்ளது இருந்தால் சின்ன கட்டர் வேலைக்கு நன்றாக இருக்கும். டயல், விலையுயர்ந்த கோலெட் இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், கோலெட்டை விட்டுவிட்டு டயலை வாங்குங்கள்.

சக், ஸ்லீவ் எல்லாவற்றையும் கழற்றி, ஸ்பிண்டிலின் உள் டேப்பரை, அதாவது கூம்புத் துளையை, சுத்தமான துணியால் துடையுங்கள். விரலை உள்ளே விட்டுச் சுற்றித் தடவிப் பாருங்கள். கண் தவறவிடும் மேட்டை விரல் கண்டுபிடிக்கும். டயல் முனையை உள் டேப்பரில் வைத்து ஸ்பிண்டிலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். மோட்டாரை ஓட்டிப் பார்க்கக்கூடாது. அப்புறம் ஸ்பிண்டில் மூக்கின் வெளி விட்டத்தில், அதாவது சக் உட்காரும் ரெஜிஸ்டரில் ஒரு தடவை. அதன் முகத்தில் ஒரு தடவை. மூன்று எண்களையும் எழுதி வையுங்கள்.

சின்ன லேத்தில் இவை 0.01-க்குள் வந்தால் சந்தோஷப்படுங்கள். டேப்பரே 0.02 ஆடினால் 5 மைக்ரான் (0.005 மிமீ) கோலெட்டுக்குச் செலவழிப்பது வீண். முகத்தின் எண்ணை அலட்சியப்படுத்தாதீர்கள்: 80 மிமீ ஃபிளேஞ்சில் முகம் 0.02 ஆடினால், மூக்கிலிருந்து 80 மிமீ தள்ளி நிற்கும் வேலை ஏறக்குறைய அதைப் போல இரண்டு மடங்கு, 0.04 ஆடும். முகத்தில் சிக்கிய ஒரு சிராய் செய்யும் வேலை இதுதான்.

சோதனைக்கு வைக்கும் பின் நேராகவும் உருண்டையாகவும் இருக்க வேண்டும். டிரில் ஷாங்க் (பிடிக்கும் தண்டுப் பகுதி) ஆகாது. அதில் எழுத்துப் பதித்திருக்கும், சக்கில் வழுக்கிய வடுக்களும் இருக்கும். உடைந்த சாலிட் கார்பைட் எண்ட்மில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதன் ஷாங்க் எச் 6 டாலரன்ஸில் கிரைண்டு செய்தது. 10 மிமீ ஷாங்க் என்றால் 9.991-க்கும் 10.000-க்கும் இடையில் இருக்கும். இதைவிட மலிவான டெஸ்ட் பின் கிடைக்காது. டவல் பின்னும் (பாகங்களை இணைக்கும் எஃகு முளை) நல்லதுதான், ஆனால் பெரும்பாலும் எம் 6 டாலரன்ஸில் வரும். 10 மிமீ பின் 10.006 முதல் 10.015 வரை இருக்கலாம். கோலெட்டுக்குள் தானாக நுழைந்தால் சரி, தட்டி ஏற்ற வேண்டியிருந்தால் விட்டுவிடுங்கள்.

எந்தக் குடும்பம்?

வீட்டுப் பட்டறையில் நான்கு பெயர்கள்தான் அடிபடும்: ஈஆர், 5 சி, ஆர் 8, மோர்ஸ் டேப்பர்.

ஈஆர் 1970-களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் ரெகோ ஃபிக்ஸ் நிறுவனம் கொண்டுவந்தது. இன்று டின் 6499, ஐஎஸ்ஓ 15488 என்ற தரநிலைகளின்படி ஊரெங்கும் செய்கிறார்கள். பக்கத்துக்கு 8 டிகிரி டேப்பர். இரண்டு பக்கத்திலிருந்தும் மாறி மாறிப் பிளந்திருப்பதால், இறுக்கும்போது முழு நீளமும் ஒரே சீராகச் சுருங்குகிறது. பெரும்பாலான அளவுகளில் ஒரு கோலெட் 1 மிமீ வரை சுருங்கும். 10 மிமீ கோலெட் 10 முதல் 9 வரை பிடிக்கும். 10.2-ஐப் பிடிக்காது; பிடிக்க வைத்தீர்கள் என்றால் அன்றோடு அந்தக் கோலெட் முடிந்தது.

பெயரில் உள்ள எண் அதன் வாய் விட்டத்தை ஒட்டியது. ஈஆர் 11 என்றால் 7 மிமீ வரை, ஈஆர் 16 என்றால் 10, ஈஆர் 20 என்றால் 13, ஈஆர் 25 என்றால் 16, ஈஆர் 32 என்றால் 20, ஈஆர் 40 என்றால் 26 மிமீ வரை. 800 வாட் ரவுட்டர் ஸ்பிண்டிலில் ஈஆர் 11-ம், 2.2 கிலோவாட்டில் ஈஆர் 20-ம் பொதுவாக வரும். என் லேத்தின் ஸ்பிண்டில் துளை 20 மிமீ, ஈஆர் 32-ன் உச்சமும் 20. அந்தப் பொருத்தத்துக்காகவே அதை எடுத்தேன். மில்லிங்குக்கு மட்டும் என்றால் ஈஆர் 25 போதும். நட் ஒல்லியாக இருப்பதால் வைஸ் தாடையில் இடிக்காது.

ஆனால் ஈஆர் டூலைப் பிடிக்கப் பிறந்தது, ஜாப் (கடையும் பொருள்) பிடிக்க அல்ல என்பதை மறக்காதீர்கள். ஈஆர் 32 கோலெட்டின் நீளம் 40 மிமீ. அதில் மூன்றில் இரண்டு பங்காவது நிரம்ப வேண்டும். 8 மிமீ நீளமுள்ள வாஷர் போன்ற ஜாபை முன்னால் மட்டும் பிடித்தால், பின்பக்கம் வெறுமையாக இருப்பதால் கோலெட் கோணலாகச் சுருங்கும். தவிர்க்க முடியாத நேரத்தில் அதே விட்டமுள்ள ஒரு துண்டைப் பின்னால் செருகிச் சமாளிக்கலாம். இன்னொன்று: இறுக்கும்போது கோலெட் உள்ளே நகரும், ஜாபும் கூடவே நகரும். நீளம் மாறாமல் வேண்டுமென்றால் இறுக்கிய பிறகுதான் முகத்தைத் தொட்டு அளவு எடுக்க வேண்டும்.

சின்னச் சின்ன ஜாப்களைத் திரும்பத் திரும்பப் பிடிப்பவர்களுக்கு 5 சி அருமை. ஹார்டிஞ் லேத்துகளோடு புகழ்பெற்றது. உடல் விட்டம் ஒன்றேகால் அங்குலம், டேப்பர் பக்கத்துக்கு 10 டிகிரி. வட்டம், சதுரம், அறுகோணம் எல்லா வடிவத்திலும் கிடைக்கும். நாமே துளைத்துக்கொள்ளும் எமர்ஜென்சி கோலெட்டும் உண்டு. குறை என்னவென்றால் இது முன்பக்கம் மட்டும்தான் சுருங்கும். அளவு 0.1 மிமீ விலகினாலே வாய் மட்டும் கவ்வும், ஜாப் சாயும். ஆகவே வேண்டிய ஒவ்வொரு அளவுக்கும் தனிக் கோலெட் வேண்டும். சின்ன லேத்தின் ஸ்பிண்டிலுக்குள் 5 சி போகாது. முன்னால் ஒரு தனி சக் மாட்ட வேண்டும், அது கனம், நீளமும் அதிகம். 7 அங்குல வகைச் சின்ன லேத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆர் 8 பிரிட்ஜ்போர்ட் மில்லிங் மெஷினோடு பரவியது. உங்கள் மில் ஆர் 8 என்றால், அடிக்கடி பிடிக்கும் இரண்டு மூன்று ஷாங்குகளுக்கு நேரடி ஆர் 8 கோலெட் வாங்குங்கள். ஆர் 8 ஷாங்க், அதன் முனையில் ஈஆர் சக், அதற்குள் கோலெட் என்று அடுக்கினால் கட்டர் சில அங்குலம் கீழே தொங்கும். சின்ன மில்லில் அந்த நீளம்தான் அதிர்வுக்கு முதல் காரணம். நேரடிக் கோலெட்டில் ஆடக்கூடிய ஒரு மூட்டும் குறைகிறது. ஒவ்வொரு முறையும், ஸ்பிண்டில் வழியே கோலெட்டை இழுத்துப் பிடிக்கும் டிராபாரைத் தளர்த்தித் தட்ட வேண்டும், அதுதான் விலை. என் மில்லில் 6, 10, 12 மூன்றும் நேரடி ஆர் 8, மீதியெல்லாம் ஈஆர்.

மோர்ஸ் டேப்பர் கோலெட்டும் இதே வகைதான். எம்டி 3 (3-ம் எண் மோர்ஸ் டேப்பர்) மூக்குள்ள லேத்திலும் மில்லிலும் ஸ்பிண்டிலுக்குள் நேரடியாக உட்காருவதால் நல்ல துல்லியம் தரும், மலிவு. ஆனால் இறுகிக்கொள்ளும், எடுக்கத் தட்ட வேண்டும். டிராபார் பின்வழியை அடைப்பதால் நீளக் கம்பியும் போகாது.

சக்கும் நட்டும்

பலரும் கோலெட்டுக்குத் தேடித் தேடிச் செலவழித்துவிட்டு, சக்கை வந்த விலைக்கு வாங்குவார்கள். நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். சக் ஆடினால் எல்லாக் கோலெட்டும் ஆடும். ஒரு கோலெட் ஆடினால் அந்த ஓர் அளவோடு போயிற்று.

லேத்துக்கு ஃபிளேஞ்சில் போல்ட் போடும் கோலெட் சக்கைத்தான் வாங்குங்கள். எம்டி 3 ஷாங்க் உள்ளது மலிவாகக் கிடைக்கும், வாங்கவும் கை பரபரக்கும். ஆனால் ஷாங்க் ஸ்பிண்டில் துளையை அடைத்துக்கொள்ளும், கம்பி பின்னால் போக வழியில்லை. நீளக் கம்பியைப் பின்வழியாக விட்டு வெட்டி வெட்டி எடுப்பதுதான் லேத்தில் கோலெட்டின் பெரிய சுகம், அதையே இழந்துவிடுவீர்கள். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிக்குத் தாங்கல் வையுங்கள். தாங்கலில்லாத கம்பி வேகம் கூடினால் வளைந்து சாட்டை போல வீசும்.

நட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நட்டின் உட்கூம்புதான் கோலெட்டின் முகத்தைத் தள்ளுகிறது. மரைக்கும் அந்தக் கூம்புக்கும் மையம் ஒத்துப்போகாவிட்டால், எவ்வளவு நல்ல கோலெட்டையும் ஒரு பக்கமாகத் தள்ளும். சந்தேகம் வந்தால் வேறொரு நட்டைப் போட்டுப் பாருங்கள். என் அனுபவத்தில் மலிவு செட்டுகளில் பாதிக் குற்றம் நட்டுடையது. ஈஆர் 16 நட்டின் மரை எம் 22 × 1.5, ஈஆர் 20 எம் 25 × 1.5, ஈஆர் 25 எம் 32 × 1.5, ஈஆர் 32 எம் 40 × 1.5, ஈஆர் 40 எம் 50 × 1.5. தரநிலை ஒன்றே என்பதால் நல்ல நட்டைத் தனியாக வாங்கிப் போடலாம். உள்ளே பேரிங் வைத்த நட்டும் உண்டு. இறுக்கும்போது கோலெட்டை முறுக்காது, அதே கை பலத்துக்கு அதிகமாகக் கவ்வும்.

என்ன அளவு, எவ்வளவு தரம்

பெட்டி மேல் உள்ள எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். 0.005 என்றால் எங்கே அளந்தது? தரநிலையில் கோலெட் வாயிலிருந்து குறிப்பிட்ட தூரம் தள்ளி அளக்கச் சொல்கிறார்கள்: 3 முதல் 6 மிமீ வரையான பின்னுக்கு 16 மிமீ தள்ளி, 6 முதல் 10 வரை 25 மிமீ, 10 முதல் 18 வரை 40 மிமீ. வாயை ஒட்டி அளந்தால் எந்தக் கோலெட்டும் நல்லபிள்ளைதான். விற்பவரிடம் கேளுங்கள், பதில் வராவிட்டால் அச்சடித்த எண்ணை அலங்காரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நல்ல தயாரிப்பாளர்கள் சாதாரணத் தரத்துக்கு 10 மைக்ரான், உயர்தரத்துக்கு 5 மைக்ரான் என்று உறுதி தருவார்கள். வீட்டு மெஷினுக்கு 10 மைக்ரான் தாராளம். முழு செட்டையும் அந்தத் தரத்தில் வாங்கினால் பட்ஜெட் தாங்காது, வாங்கவும் வேண்டாம். உங்கள் டூல் பெட்டியைத் திறந்து ஷாங்குகளை அளந்து எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் 6, 8, 10, 12 இந்த நான்கில் அடங்கிவிடும். சின்ன கார்பைட் கட்டர்களுக்கு 3-ம் 4-ம், ரவுட்டர் பிட்டுகளுக்கு கால் அங்குலமான 6.35-ம் கூடும். இவற்றை மட்டும் நல்ல பெயரில் ஒவ்வொன்றாக வாங்குங்கள். மீதி அளவுகளுக்கு மலிவு செட் இருக்கட்டும்.

6.35-ஐ 7 மிமீ கோலெட்டில் பிடிக்கலாமே என்று கேட்பீர்கள். பிடிக்கலாம், ஆனால் கோலெட் தன் பெயரளவில்தான் முழுப் பரப்போடு கவ்வும். சுருங்கச் சுருங்கப் பிளவுகளின் விளிம்புகள் மட்டும் தொடும். ஆட்டம் கூடும், பிடிப்பு குறையும். எப்போதாவது ஒரு டிரில்லுக்குச் சரி, தினமும் ஓடும் கட்டருக்கு வேண்டாம்.

வாங்கும்போது கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், பிளவுகளின் உள்விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்று தீக்குச்சியால் தடவிப் பாருங்கள். நார் சிக்கினால் பிசிறு. வெளி டேப்பர் கிரைண்டு செய்த மெல்லிய கோடுகளோடு இருக்க வேண்டும். கறுப்புப் பூச்சு மட்டும் இருந்தால் யோசியுங்கள்.

மாட்டும் முறை

இங்கேதான் புதியவர்கள் எல்லோரும் சறுக்குவார்கள், நானும் சறுக்கினேன். ஈஆர் கோலெட்டை முதலில் நட்டுக்குள் சாய்த்து வைத்து ‘டிக்’ என்று உட்கார வையுங்கள். நட்டின் உள்ளே மையம் விலகிய ஒரு வளையம் இருக்கிறது. கோலெட்டின் பள்ளம் அதில் மாட்டிக்கொள்ள வேண்டும். தளர்த்தும்போது கோலெட்டை வெளியே இழுப்பது அந்த வளையம்தான். கோலெட்டைச் சக்குக்குள் போட்டுவிட்டு மேலே நட்டைத் திருகினால், முகம் நசுங்கும், ஆட்டம் கூடும், தளர்த்தினாலும் கோலெட் வெளியே வராது. நட்டோடு சேர்ந்த பிறகு சக்கில் இரண்டு சுற்று ஏற்றி, அப்புறம்தான் ஷாங்கை நுழைக்க வேண்டும்.

டூல் இல்லாமல் வெறும் கோலெட்டை இறுக்காதீர்கள். பிளவு நிரந்தரமாக ஒடுங்கிவிடும்.

டேப்பரும் மரையும் துடைத்து, மரையிலும் கோலெட்டின் வெளி டேப்பரிலும் எண்ணெய் தொட்ட விரலால் ஒரு தடவு. கோலெட்டின் உள் துளையும் ஷாங்கும் உலர்ந்திருக்க வேண்டும். அங்கே எண்ணெய் இருந்தால் கட்டர் மெல்ல மெல்லக் கீழே இறங்கும், ஜாபில் பள்ளம் விழுந்த பிறகுதான் தெரியும். ஈஆர் 32 நட்டுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் டார்க் 100 நியூட்டன் மீட்டரைத் தாண்டும். 30 செமீ ஸ்பேனரில் 25 கிலோ பலம் கொடுத்தாலும் 75 நியூட்டன் மீட்டர்தான் வருகிறது. கையால் நாம் அதிகம் இறுக்குவதாக நினைப்பது பெரும்பாலும் பிரமை. லேத்தில் மெல்லிய குழாயைப் பிடிக்கும்போது மட்டும் கையை அடக்குங்கள்.

குற்றவாளியைக் கண்டுபிடித்தல்

புதுக் கோலெட் வந்ததும், பின்னைப் பிடித்து இரண்டு இடத்தில் அளங்கள்: வாயை ஒட்டி ஒன்று, தரநிலை சொல்லும் தூரத்தில் ஒன்று. இரண்டும் ஒரே அளவு ஆடினால் மையம் தள்ளி இருக்கிறது. வாயில் 0.01-ம் தூரத்தில் 0.05-ம் காட்டினால் அச்சு சாய்ந்திருக்கிறது. முகத்தில் தூசி, நட் கோணல், பின் போதிய ஆழம் போகாதது, இப்படி ஏதாவது ஒன்று.

அடுத்து, ஊசி உச்சத்தில் நிற்கும் இடத்தைச் சக்கில் மார்க்கர் பேனாவால் குறியுங்கள். கோலெட்டைக் கழற்றிக் கால் சுற்றுத் திருப்பி மாட்டி மறுபடி அளங்கள். உச்சம் சக்கில் அதே குறியில் நின்றால் குற்றம் சக்கிலோ ஸ்பிண்டிலிலோ. கோலெட்டோடு சேர்ந்து நகர்ந்தால் கோலெட்டில். பின்னை மட்டும் திருப்பினால் உச்சம் பின்னோடு போகிறதென்றால், பின்னே வளைவு. நாலு நிலையிலும் இரண்டு தடவை அளங்கள். ஒரு தடவை அளந்ததை நம்ப முடியாது.

இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. ஸ்பிண்டில் 0.02, சக் 0.02 என்றால் மொத்தம் 0.04 ஆகத்தான் வேண்டும் என்றில்லை. ஒன்றின் உச்சம் மற்றதன் பள்ளத்துக்கு நேராக வந்தால் இரண்டும் கழிந்து பூஜ்யத்தை நெருங்கும். மூன்று போல்ட் ஃபிளேஞ்ச் என்றால் மூன்று நிலையிலும் மாட்டிப் பார்த்து, குறைந்த ஆட்டம் வரும் நிலையில் ஸ்பிண்டிலிலும் சக்கிலும் ஒரு சென்டர் பஞ்ச் புள்ளி வையுங்கள். இனி எப்போதும் புள்ளிக்குப் புள்ளி. காசு செலவில்லாமல் என் லேத்தில் மூன்று கோடு ஒன்றரைக் கோடாகியது இப்படித்தான்.

சக்கை நீங்களே கடைவது

லேத் உள்ளவர்களுக்கு மட்டும் கிடைக்கும் சலுகை இது. டேப்பரை உங்கள் ஸ்பிண்டிலிலேயே மாட்டி வைத்துக் கடைந்தால், ஸ்பிண்டில் மூக்கு கொஞ்சம் விலகியிருந்தாலும் டேப்பர் சுழலும் அச்சில்தான் அமையும். கடையில் வாங்கும் எந்தச் சக்கும் இதைத் தர முடியாது.

ஃபிளேஞ்ச் துண்டை ஸ்பிண்டிலில் போல்ட் போட்டு, புள்ளி வைத்து, அதன் பிறகு கழற்றவே கழற்றாதீர்கள். வெளியே எம் 40 × 1.5 மரை, உள்ளே 8 டிகிரி டேப்பர், இரண்டும் ஒரே பிடிப்பில் முடிய வேண்டும். டூலைச் சாய்வாக நகர்த்தும் காம்பவுண்ட் ஸ்லைடின் கோணக் கோடுகளை நம்பி 8 வைத்தால் அரை டிகிரி போய்விடும். நேராகக் கடைந்த ஒரு கம்பியைப் பிடித்து, டூல் போஸ்டில் பிளஞ்சர் டயலைக் கம்பிக்குச் செங்குத்தாக, மைய உயரத்தில் கட்டுங்கள். காம்பவுண்டை 40 மிமீ நகர்த்தினால் டயல் 5.57 மிமீ மாற வேண்டும். அது வரும்வரை தட்டித் தட்டிச் சரிசெய்யுங்கள். இதைத் துண்டை மாட்டும் முன்பே முடித்துவிட்டு, காம்பவுண்டின் கோணத்தைத் தொடாமல் விட்டுவிடுங்கள். மரைக்கு, டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடிலேயே வெட்டு கொடுங்கள்.

போரிங் பாரின் முனை சரியாக மைய உயரத்தில் இருக்க வேண்டும். மேலோ கீழோ போனால் டேப்பர் நேர்க்கோடாக வராமல் லேசாக வளையும். வாய் விட்டம் 33 மிமீயை நெருங்கும்போது ஒரு நல்ல கோலெட்டில் நீல மையை மெலிதாகத் தடவிச் செருகித் திருப்பிப் பாருங்கள். முழு நீளமும் நீலம் ஒட்டினால் கோணம் சரி. வாயில் மட்டும் ஒட்டினாலோ அடியில் மட்டும் ஒட்டினாலோ காம்பவுண்டை ஒரு மயிரிழை திருத்துங்கள். கோலெட்டின் பின்புறம் எதிலும் முட்டக்கூடாது, நட்டும் முழுதாக இறுகும் முன் தோளில் இடிக்கக்கூடாது. எனக்கு முதல் தடவை நட் இடித்தது. இரண்டாவது துண்டில் 10 மிமீ பின், 25 மிமீ தள்ளி, ஒரு கோட்டுக்கும் குறைவாக ஆடியது. அன்று அந்த டயலை வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை.

பாதுகாப்பு

கோலெட்டுகளை டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். ஒன்றோடொன்று இடித்து விளிம்பு நசுங்கும். பலகையில் துளை போட்டு நிறுத்தி வையுங்கள், மழைக்காலத்தில் மெலிதாக எண்ணெய். பிளவுக்குள் சிக்கும் அலுமினியத் துகளைப் பழைய பல் துலக்கியால் எடுங்கள். ஒவ்வொரு கோலெட்டுக்கும் எதிரே அதன் ஆட்டத்தைப் பென்சிலால் எழுதி வைத்தால், அடுத்த வருஷம் எது தேய்கிறது என்று தெரியும். கட்டர் ஒருமுறை உள்ளே வழுக்கிச் சுற்றிய கோலெட்டின் உள்பரப்பில் வடு விழுந்திருக்கும். அதைத் துடைத்து, மூன்று தடவை மாட்டி அளந்தும் 0.03-க்குக் கீழே வராவிட்டால், தலையில் சிவப்புப் பெயிண்ட் அடித்து டிரில் பிடிக்க மட்டும் ஒதுக்கிவிடுங்கள்.